உங்களுக்குத் தெரியுமா? – தொண்டைக்குள் ஒரு பாடசாலை

பேசும், பாடும் குரல் நாண்களை முதன்முதலில் தெளிவாகப் பார்த்தவர் டாக்டர் அல்ல, ஒரு பாட்டு வாத்தியார்! பெயர் மானுவெல் கார்சியா. 1854-ல் பல் டாக்டரின் நீளக் கைப்பிடிக் கண்ணாடியை வெந்நீரில் காட்டித் துடைத்து (இல்லாவிட்டால் மூச்சு பட்டு மங்கிவிடும்), உள்நாக்கை ஒட்டி வைத்தார். இன்னொரு கண்ணாடியால் வெயிலைத் தொண்டைக்குள் திருப்பினார். பார்த்தது தன் தொண்டையைத்தான். மனிதர் 101 வயது வரை வாழ்ந்தார்.

பேசும்போது ஆணின் குரல் நாண்கள் விநாடிக்குச் சுமார் 120 முறை அதிரும். பெண்ணுக்கு 200 முறை.

பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் ஒரு நோயாளி என்ன கேட்டாலும் ‘டான், டான்’ என்றே சொல்வார். அதுவே அவர் பெயராகிவிட்டது. 1861-ல் அவர் இறந்ததும் மூளையை ஆராய்ந்த பால் புரோக்கா, இடது முன்பகுதி சிதைந்திருந்ததைக் கண்டார். பேச்சுக்கு மூளையில் தனி இடம் உண்டு என்ற பாடம் இங்கிருந்துதான் வேர்விட்டது.

பக்கவாதத்தில் பேச்சு போனவர்களில் சிலர், பழகிய பாட்டைச் சொல் பிசகாமல் பாடுவார்கள். பாஸ்டன் ஆய்வாளர்கள் 1973-ல் இதையே சிகிச்சையாக்கினார்கள். ‘தண்ணி வேணும்’ என்பதை ராகம் போட்டு, இடது கையால் தட்டிக்கொண்டே சொல்லவைப்பது போன்ற முறை அது.

1969-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் டார்லி, ஆரன்சன், பிரவுன் மூவரும் 212 நோயாளிகளின் பேச்சைப் பதிவுசெய்து கேட்டார்கள். வாசிக்கக் கொடுத்தது ஒரு தாத்தாவைப் பற்றிய சிறு பத்தி. குழறல், இழுவை, மூக்கொலி என்று 38 அம்சங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். கருவி? காது மட்டுமே. நரம்பு நோய்க்கு நோய் குழறலின் தினுசு மாறும் என்பதை இன்றும் மாணவர்கள் அவர்களிடமிருந்துதான் படிக்கிறார்கள். நம் நாட்டில் இந்தப் படிப்புக்கென்றே மைசூரில் 1965-ல் அகில இந்திய பேச்சு, கேட்டல் நிறுவனம் தொடங்கியது.

பார்க்கின்சன் நோயாளி முணுமுணுப்பார். கேட்டால், ‘சரியாகத்தானே பேசுகிறேன்’ என்பார். பொய்யில்லை, அவர் கணக்கில் அதுதான் சரியான சத்தம். ‘சத்தமாக!’ என்ற ஒரே கட்டளையை வைத்து 4 வாரத்தில் 16 அமர்வுகள் நடத்தும் பயிற்சி உண்டு. அதற்கு லீ சில்வர்மன் என்ற பெண்மணியின் பெயர்.

கத்திக் கத்தித் தொண்டை கட்டும் தொழில்களில் ஆசிரியர் வேலைக்கு முன்வரிசை. சுக்கும் பனங்கற்கண்டும் இரண்டு நாளைக்குச் சரி. கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். புகைபிடிப்பவர் என்றால் கட்டாயம்.