பசையில்லாமல் நிற்கும் சுவர்

ஒரு கண்ணாடிக் குவளையில் பாதியளவு தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு கரண்டி நல்லெண்ணெயை ஊற்றி வேகமாகக் கலக்குங்கள். எண்ணெய் சிறு சிறு துளிகளாகச் சிதறும். ஆனால் கலக்குவதை நிறுத்திய சிறிது நேரத்தில் துளிகள் ஒன்றுசேர்ந்து மீண்டும் மேலே மிதக்கும். இப்போது ஒரு கோழிமுட்டையின் மஞ்சள் கருவைச் சேர்த்து மறுபடியும் கலக்கிப் பாருங்கள். கலவை பால்போல் ஆகிவிடும். எண்ணெய் முன்போல் விரைவில் பிரிந்து வருவதில்லை.

எண்ணெயையும் நீரையும் இப்படிச் சமாதானப்படுத்தியது எது? மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் என்னும் பொருளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. பிரெஞ்சு நாட்டு மருந்தியலாரான கோப்லே என்பவர் இதை மஞ்சள் கருவிலிருந்து பிரித்தெடுத்து, 1850-இல் இப்பெயரைச் சூட்டினார். மஞ்சள் கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது.

மாணவ நண்பர்களே! லெசித்தின் முட்டையில் மட்டும் இருப்பதன்று. உங்கள் உடலிலுள்ள ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றி, லெசித்தினும் அதன் இனத்தைச் சேர்ந்த பொருள்களும்தாம் சுவராக நிற்கின்றன. இந்த இனத்துக்குப் பாஸ்போலிப்பிடுகள் என்று பெயர். வீட்டுச் சுவரில் செங்கல்லைச் செங்கல்லோடு பிணைக்கச் சுண்ணாம்போ சிமெண்டோ தேவை. உயிரணுவின் சுவரிலோ ஒரு மூலக்கூற்றை அடுத்த மூலக்கூற்றோடு பிணைக்கும் பசை எதுவும் இல்லை! பின் அது எப்படி நிற்கிறது? எப்போது இடிகிறது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: அந்த மூலக்கூற்றின் உருவத்தில்.

தலை ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம்

கிளிசரால் என்னும் சிறிய மூலக்கூற்றை மூன்று கைகள் கொண்ட ஓர் ஆளாக எண்ணிக்கொள்வோம். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் போன்றவற்றில் இந்த மூன்று கைகளும் ஆளுக்கொரு கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பாஸ்போலிப்பிடில் இரண்டு கைகளில் மட்டுமே கொழுப்பு அமிலங்கள் உண்டு. மூன்றாவது கை ஒரு பாஸ்பேட்டைப் பிடித்திருக்கும். லெசித்தினில் அந்தப் பாஸ்பேட்டோடு கோலின் என்ற பொருளும் சேர்ந்திருக்கும்.

பாஸ்பேட் எதிர்மின்னேற்றம் கொண்டது. கோலின் நேர்மின்னேற்றம் கொண்டது. நீர் மூலக்கூற்றிலும் ஒரு பக்கம் சிறிது நேர்மின்னேற்றமும் மறுபக்கம் சிறிது எதிர்மின்னேற்றமும் இருப்பதால், இப்பகுதி நீரோடு நன்றாக உறவாடும். இதை மூலக்கூற்றின் தலை எனலாம். கொழுப்பு அமிலங்களோ கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீண்ட சங்கிலிகள். பெரும்பாலும் 16 அல்லது 18 கார்பன் அணுக்கள் வரிசையாக நிற்கும். இவற்றில் மின்னேற்றம் இல்லை. நீரோடு உறவும் இல்லை. இவை இரண்டும் மூலக்கூற்றின் கால்கள்.

இத்தகைய மூலக்கூறுகளை ஏராளமாக நீரில் போட்டால் என்ன ஆகும்? நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதில் விருப்பம் உடையவை. இடையே புகும் எண்ணெய்க் கால்களை அவை ஒதுக்கித் தள்ளுகின்றன. ஒதுக்கப்பட்ட கால்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீர் படாத இடம் தேடுகின்றன. தலைகளோ நீரை விட்டு விலகுவதில்லை. இரண்டு தரப்பும் நிறைவடைய எளிய வழி ஒன்று உண்டு. மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நின்று, கால்களை உட்புறமாகவும் தலைகளை வெளிப்புறமாகவும் வைத்துக்கொள்வதே அது. இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கிடையே வெண்ணெய் இருப்பதைப்போல, நடுவில் எண்ணெய்ப் பகுதியும் இரு பக்கமும் தலைகளுமாக ஒரு மெல்லிய படலம் உருவாகிவிடுகிறது. இதற்கு இரட்டைப் படலம் என்று பெயர்.

இந்தப் படலத்துக்கு விளிம்பு இருந்தால் அங்கே கால்கள் நீரில் நனையும் அல்லவா? ஆகவே படலம் வளைந்து, விளிம்பே இல்லாத ஒரு பையாகத் தன்னை மூடிக்கொள்கிறது. சிறு கிழிசல் ஏற்பட்டாலும் தானாகவே கூடிவிடுகிறது. 1960-களில் இங்கிலாந்தைச் சேர்ந்த அலெக் பாங்ஹாம் என்ற விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும், நீரில் கலந்த லெசித்தின் இப்படிப்பட்ட நுண்ணிய பைகளாக மாறுவதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டனர். உயிரே இல்லாத ஒரு வேதிப்பொருள், யாருடைய உதவியும் இல்லாமல், உயிரணுவின் சுவரைப் போன்ற ஒன்றைக் கட்டிக்கொள்கிறது!

இரண்டு தவறுகள், ஒரு சரியான விடை

உயிரணுவின் சவ்வு இரட்டைப் படலம் என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கி தோன்றும் முன்பே இருவர் கணக்குப் போட்டுக் கூறினர். ஹாலந்து நாட்டின் லைடன் நகரில், 1925-இல், கார்ட்டர் என்ற குழந்தை மருத்துவரும் கிரெண்டல் என்ற அவருடைய உடன் ஆய்வாளரும் இரத்தச் சிவப்பணுக்களை எடுத்துக்கொண்டனர். மனிதன், நாய், ஆடு, முயல் முதலியவற்றின் இரத்தத்தைச் சோதித்தனர். பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவுக்குள் உட்கருவோ வேறு உட்சவ்வோ கிடையாது. ஆகவே அதிலிருந்து கிடைக்கும் கொழுப்பெல்லாம் வெளிச் சவ்வினுடையதே என்று கொள்ளலாம்.

அவர்கள் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பை அசிட்டோனால் பிரித்தெடுத்து, நீர்ப்பரப்பின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு உயரமுள்ள படலமாகப் பரப்பி, அதன் பரப்பளவை அளந்தார்கள். அது எடுத்துக்கொண்ட சிவப்பணுக்களின் மொத்த மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்காக இருந்தது. அப்படியானால் சவ்வில் இரண்டு அடுக்குகள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தனர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை. சிவப்பணுவின் மேற்பரப்பையும் அவர்கள் குறைவாகவே மதிப்பிட்டிருந்தார்கள். ஒரு குறை மற்றொரு குறையை ஈடுகட்டியதால் விடை சரியாக அமைந்தது! பிற்காலச் சோதனைகள் பலவும் இரட்டைப் படலத்தை உறுதி செய்தன.

இந்தச் சுவரின் கனம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை 2 லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள ஒரு நோட்டுத் தாளின் அளவை எட்ட, இத்தகைய சுவர்கள் 20,000 அடுக்க வேண்டும்.

ஓடிக்கொண்டே இருக்கும் செங்கற்கள்

பசை இல்லாததால் இந்தச் சுவருக்கு ஒரு வசதியும் உண்டு. இதன் செங்கற்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு மூலக்கூறு ஒரு விநாடியில் சுமார் ஒரு கோடி முறை தன் பக்கத்து மூலக்கூற்றோடு இடம் மாற்றிக்கொள்கிறது. எனவே சவ்வு திடப்பொருளைப்போல் விறைப்பாக இராமல், மெல்லிய எண்ணெய்ப் படலம்போல் நெகிழ்ந்து கொடுக்கிறது. தன் குறுக்களவைவிடக் குறுகலான இரத்தக் குழாயிலும் சிவப்பணு நெளிந்து நுழைவதற்கு இதுவும் துணைபுரிகிறது.

நெகிழ்ச்சியின் அளவைக் கால்களே தீர்மானிக்கின்றன. மார்கழிக் குளிரில் நெய் உறைகிறது; நல்லெண்ணெய் உறைவதில்லை. நெய்யின் கொழுப்பு அமிலங்களில் பல, வளைவில்லாமல் நேராக இருப்பதால் நெருக்கமாக அடுங்கிவிடும். நல்லெண்ணெயில் உள்ளவை இரட்டைப் பிணைப்பு காரணமாக நடுவில் மடங்கியிருப்பதால் நெருங்கி அடுங்க இயலாது. குளிர்ந்த நீரில் வாழும் மீன்கள் தம் சவ்வுகளில் இத்தகைய மடங்கிய கால்களை அதிகம் வைத்துக்கொண்டு, சவ்வு உறைந்துவிடாமல் காத்துக்கொள்கின்றன.

ஆக்சிஜன் போன்ற சிறு மூலக்கூறுகள் இப்படலத்தைத் தாண்டிச் செல்லும். சோடியம், பொட்டாசியம் அயனிகளும் சர்க்கரையும் எளிதில் தாண்ட இயலாது. அவற்றுக்கு வாயில்களாகப் புரதங்கள் படலத்தில் பதிந்துள்ளன. கொழுப்புக் கடலில் மிதக்கும் புரதங்கள் என்ற இந்தச் சித்திரத்தை 1972-இல் சிங்கர், நிக்கல்சன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்டனர்.

ஒரு காலை வெட்டினால்?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். இந்தச் சுவர் எப்போது இடிகிறது?

நாகம், விரியன் முதலிய பாம்புகளின் நஞ்சில் பல புரதங்கள் கலந்துள்ளன. அவற்றுள் ஒன்று பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்னும் நொதி. தேனீயின் நஞ்சிலும் இவ்வகை நொதி உண்டு. இதன் வேலை மிகச் சிறியது. பாஸ்போலிப்பிடின் இரண்டு கால்களில், கிளிசராலின் நடுக்கையில் உள்ள ஒரு காலை மட்டும் வெட்டிவிடும். வெட்டிய பிறகு இந்தக் கத்தரிக்கோல் தேய்ந்து போவதில்லை. அடுத்த மூலக்கூற்றுக்குச் சென்றுவிடும்.

ஒரு கால் போனால் என்ன என்று நினைக்கிறீர்களா? மூங்கில் துண்டுகளை நெருக்கமாக நிறுத்தினால் சமமான தட்டையான கட்டு கிடைக்கும். பம்பரங்களை ஆணிகள் ஒரு புள்ளியை நோக்கி இருக்குமாறு நெருக்கி வைத்தால் உருண்டைதான் வரும். இரண்டு கால் உள்ள லெசித்தின் மூங்கில் துண்டைப் போன்றது. ஒரு கால் உள்ளதோ தலை பருத்துக் கீழே சிறுத்த பம்பரத்தைப் போன்றது. இத்தகைய மூலக்கூறுகள் பெருகினால் தட்டையான படலம் நிலைகுலைந்து ஓட்டை விழுகிறது. நாகப்பாம்பின் நஞ்சு லெசித்தினோடு சேரும்போது சிவப்பணுக்களைக் கரைக்கும் ஒரு பொருள் உண்டாவதை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். கரைப்பது என்ற பொருளில் அதற்கு லைசோலெசித்தின் என்ற பெயர் அமைந்தது. நாம் கை கழுவும் சோப்பும் ஒரு தலையும் ஒரு காலும் கொண்ட மூலக்கூறுதான். கொழுப்புறை கொண்ட வைரசுகளை அது சிதைப்பதன் இரகசியமும் இதுவே.

கட்டுவிரியனின் நஞ்சில் உள்ள ஒரு நச்சுப்பொருள் இதே கத்தரிக்கோலை நரம்பின் நுனிக்குக் கொண்டு செல்கிறது. அங்குள்ள சவ்வு சிதைந்தால் நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்ப இயலாது. மூச்சு விடும் தசைகளும் ஓய்ந்துவிடும். இரவில் தரையில் படுத்துறங்குவோரை இப்பாம்பு கடிக்கும்போது பெரும்பாலும் வலியோ வீக்கமோ அதிகம் தெரியாது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

நஞ்சுமுறி மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து தயாரிக்கப்படுகிறது. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இதற்கு வேண்டிய நஞ்சைச் சேகரித்து வழங்கிய பெருமை உடையது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். இம்மருந்து இரத்தத்தில் சுற்றும் நஞ்சைப் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே வெட்டுண்ட கால்களை ஒட்டவைக்காது. சிதைந்த நரம்பு நுனியை உடல்தான் மெல்ல வளர்த்துக்கொள்ள வேண்டும். அதுவரை செயற்கைச் சுவாசம் தந்து மருத்துவர்கள் உயிரைக் காக்கிறார்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். உங்கள் ஊரில் யாரையேனும் பாம்பு கடித்தால், கடிவாயைக் கீற வேண்டாம். வாயால் உறிஞ்ச வேண்டாம். கயிற்றால் இறுகக் கட்டவும் வேண்டாம். மந்திரிப்பதில் நேரத்தைப் போக்கவும் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் தயங்கினால் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள். பசையில்லாமல் நிற்கும் அந்த மெல்லிய சுவரை நஞ்சு ஒவ்வொரு காலாக வெட்டிக்கொண்டிருக்கும்போது, வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் நஞ்சின் பக்கமே சேரும்.