மரையும் காட்டாறும்

1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் ‘எல்க்’ என்று எழுதிய விலங்கு நம் மரையே. வடபுலத்து எல்க் இலங்கைக் காடுகளில் வாழ்வதன்று. மொழிபெயர்க்கும் மாணவர் இதனை நினைவிற் கொள்க.

மலைக்காட்டில் மரையை வேட்டையாட அவர் துவக்கை விடுத்து, வேட்டைநாய்களையும் கத்தியையுமே நம்பினார். துரத்துண்ட மரை காட்டாற்றை நாடும். நீரில் நிலைகொண்டு கொம்பாலும் முன்காலாலும் நாய்களை எதிர்க்கும். ஆதலின் வேட்டையாடுவோன் ஆறுகளின் போக்கை முன்னரே அறிந்து, குரைப்பொலியைச் செவிமடுத்து, குறுக்குவழியே அவ்விடஞ் சேர்தல் வேண்டும். அவ்வெற்றியிற் பெரும்பங்கு நாயின் மூக்கிற்கே உரியதென்பேன் யான்.

இன்று மரைவேட்டை சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. ஹோட்டன் சமவெளியில் மாலைவேளை அவை புல்மேயக் காணலாம். காண விழைவோர் காற்றுத் தம் முகத்தில் வீசும்படி அமைதியாக நிற்க. மனித வாடை பட்டதும் மரை காட்டினுள் மறைந்துவிடும்.