100 வாட்ஸ் பெட்டி வாங்கினால் போதுமா? கிடார் பிரியர்களே, உஷார்!

துவாக்குடி,-

எலக்ட்ரிக் கிடாரை எப்படியோ பணம் சேர்த்து வாங்கிவிடலாம். அதற்கு ஆம்ப்ளிபயர் வாங்கும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

"100 வாட்ஸ்", "விதவிதமான சவுண்டு" என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். வீட்டுக்குக் கொண்டு வந்தால் வால்யூம் குமிழை ஒன்றுக்கு மேல் திருப்ப முடியவில்லை. "சின்னதே போதும்" என்று வாங்கியவர் கதி வேறு. கச்சேரி மேடையில் டிரம்ஸ் அடிக்கிற அடியில் அவர் கிடார் அவருக்கே கேட்பதில்லை.

வீட்டில் பழகவும் மேடையில் வாசிக்கவும் ஒரே பெட்டி போதும் என்கிறவர்களுக்காக வந்ததுதான் "மாடலிங் ஆம்ப்ளிபயர்". அதிலும் பத்து தினுசு. எதைப் பார்த்து வாங்குவது? விவரம் வருமாறு:-

தூங்கும் ஊர்

துவாக்குடியைச் சுற்றி கிடார் பிடிக்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை. 1964-ல் மண்டல என்ஜினீயரிங் கல்லூரியாகத் தொடங்கி இன்று என்.ஐ.டி.யாக இருக்கும் கல்லூரி இங்கேதான். அங்கு 1975 முதல் நடந்துவரும் "பெஸ்டம்பர்" கலைவிழா பிரசித்தம். சர்ச் பாடகர் குழு, மெல்லிசைக் கச்சேரி, கல்யாண வரவேற்பு என்று மேடைக்கும் பஞ்சமில்லை.

ஆனால் இது ஷிப்ட் ஊர். பெல் தொழிற்சாலையும் சிட்கோ பட்டறைகளும் சூழ்ந்த பகுதி. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் பகல் 11 மணிக்கு அசந்து தூங்குவார். பக்கத்து வீட்டுப் பையன் அப்போதுதான் கிடாரை மாட்டுவான். "ஏம்ப்பா, மனுஷன் தூங்க வேணாமா?" என்று கதவு தட்டப்படும். அடுத்து தகராறுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2000-ம் ஆண்டின் ஒலி மாசு கட்டுப்பாட்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை.

"அது லவுட் ஸ்பீக்கருக்குத்தானே, கிடாருக்கு என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. 2010-ல் விதி திருத்தப்பட்டது. இசைக் கருவியும் சவுண்டு ஆம்ப்ளிபயரும் இப்போது பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுவிட்டன. கல்யாண மண்டபம், ஆடிட்டோரியம் போன்ற மூடிய இடங்களுக்கு உள்ளே தவிர, இரவில் வாசிக்கக்கூடாது. வரம்பைவிட 10 டெசிபல் கூடினால் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்கலாம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 12 அங்குல கிடார் ஸ்பீக்கருக்கு வெறும் ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 95 டெசிபல் கிளம்பும். ஒரே ஒரு வாட்டுக்கே இந்த ஆட்டம்!

பழைய பெட்டி போட்ட சிக்கல்

பழைய ராக் பாட்டுகளில் கேட்கும் அந்தக் கரகரப்பான கிடார் ஓசை எங்கிருந்து வந்தது? வால்வு வைத்த பெண்டர், வாக்ஸ், மார்ஷல் பெட்டிகளிலிருந்து. வால்வை முழுமூச்சாக வேலை வாங்கினால்தான் அந்த ஓசை உடைந்து வரும். அதாவது வால்யூமை ஏற்ற வேண்டும். ஏற்றினால் தெருவே எழுந்துவிடும்!

இதற்கு வழி செய்ததுதான் மாடலிங். வால்வு செய்கிற வேலையை ஒரு சிப் கணக்குப் போட்டுச் செய்கிறது. கரகரப்பு வேறு, சத்தம் வேறு என்று பிரித்துவிட்டார்கள். 1996-ல் அமெரிக்காவின் லைன் 6 கம்பெனி "ஆக்ஸிஸ் 212" என்ற பெட்டியைக் கொண்டு வந்தது. 2001-ல் வாக்ஸ் கம்பெனியின் "வால்வட்ரானிக்ஸ்" வந்தது. இன்று எல்லாப் பெரிய கம்பெனிகளும் இந்த வழிக்கு வந்துவிட்டன.

ஒரே பெட்டியில் பெண்டரின் தெளிவான ஓசையும் கிடைக்கும், மார்ஷலின் உறுமலும் கிடைக்கும். எக்கோ, கோரஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும்.

வாட்ஸ் மாயை

50 வாட்ஸைவிட 100 வாட்ஸ் இரண்டு மடங்கு சத்தம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தப்பு! வாட்ஸ் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கு" என்று தோன்றும், அவ்வளவே. இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் வாட்ஸ் பத்து மடங்கு வேண்டும்.

ஆகவே 50-க்கும் 100-க்கும் நடுவே உள்ள விலை வித்தியாசத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல ஹெட்போனும் கால் சுவிட்சும் வாங்கலாம்.

வாட்ஸைவிட முக்கியம், அதைக் குறைக்க வழி இருக்கிறதா என்பது. 2016-ல் வந்த பாஸ் கம்பெனியின் "கட்டானா 50" இதற்கு நல்ல உதாரணம். பின்னாலோ முன்னாலோ தேட வேண்டியதில்லை, ஒரு சுவிட்சைத் திருப்பினால் 50 வாட்ஸ் 25 ஆகும், இன்னொரு தடவை திருப்பினால் அரை வாட் ஆகும். 12 அங்குல ஸ்பீக்கர். மின்சார கிடாருக்கு மட்டுமின்றி, பிக்கப் வைத்த அக்கூஸ்டிக் கிடாருக்கும் தனி ஓசை உண்டு. சர்ச்சில் வாசிப்பவர்களுக்கு இது உதவும்.

வீட்டோடு சரி என்பவர்களுக்கு யமஹாவின் "டி.எச்.ஆர். 10" மாதிரியான மேஜைப் பெட்டி போதும். 10 வாட்ஸ்தான், பேட்டரியிலும் ஓடும். பெண்டர் "மஸ்டாங் எல்.டி. 25"-ல் 25 வாட்ஸ், 8 அங்குல ஸ்பீக்கர். பழகுவதற்கு அருமை. ஆனால் இவற்றைத் தூக்கிக்கொண்டு டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றால் எடுபடாது.

ஹெட்போனே காவல்

அரை வாட்டும் நடுராத்திரிக்கு அதிகம்தான். இரவில் பழக ஹெட்போன் ஒன்றே வழி. அதைச் செருகினால் ஸ்பீக்கர் தானாக அடங்கிவிட வேண்டும். வாங்கும்போதே செருகிப் பார்த்துவிடுங்கள்.

ஒயர் வைத்த ஹெட்போனாக இருக்கட்டும். புளூடூத் ஹெட்போனில் தந்தியை மீட்டியபிறகு ஓசை சற்றுத் தாமதித்துக் காதுக்கு வரும். தாளம் தப்பிவிடும்.

மேடையில் என்ன வேண்டும்?

மேடைக்கு மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, மைக் செட்காரரின் மிக்சருக்கு ஒயர் கொடுக்கும் வசதி. லைன் அவுட் என்றோ ரெக் அவுட் என்றோ போட்டிருப்பார்கள். இது இருந்தால் சின்னப் பெட்டிகூட பெரிய பந்தலில் கேட்கும். ஆனால் அந்த ஒயரில் ஸ்பீக்கர் ஓசையைச் சிப்பே செய்து அனுப்ப வேண்டும். அது இல்லாவிட்டால் கிடார் கொசு ரீங்காரம் மாதிரி கேட்கும்.

இரண்டாவது, கால் சுவிட்ச். பாட்டு நடுவே மெல்லிய ஓசையிலிருந்து உறுமலுக்குத் தாவ வேண்டும். கை தந்தியில் இருக்கும்போது குமிழைத் திருப்புவது யார்? காலால் மாற்றும் வசதி இல்லாத பெட்டி மேடைக்கு உதவாது.

மூன்றாவது, எடை. 12 அங்குல ஸ்பீக்கர் வைத்த பெட்டி 10 கிலோவைத் தாண்டும். துவாக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு தோளில் கிடார், ஒரு கையில் பெட்டி என்று ஏறப்போவது நீங்கள்தான். கடையிலேயே ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

எர்த் எங்கே?

இனி வருவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது.

1972 மே மாதம் பிரிட்டனின் ஸ்வான்சி நகரில் "ஸ்டோன் தி க்ரோஸ்" குழுவின் கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே ஷாக் அடித்து இறந்தார். எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். வயது 27!

கிடார்க்காரன் கையில் எப்போதும் உலோகத் தந்தி இருக்கிறது. அது ஒயர் வழியாக ஆம்ப்ளிபயரின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. மைக் வேறொரு லைனில் இருந்து, அதில் கசிவு இருந்தால் உதடு பட்டதும் கரண்ட் உடம்பு வழியாகப் பாய்ந்துவிடும்.

மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் பிளக்கில் செருகுவது பந்தல்களில் சர்வ சாதாரணம். "உர்ர்னு இரைச்சல் வருது, எர்த்தைக் கழட்டு" என்பார்கள். கழட்டவே கூடாது. ஆம்ப்ளிபயரும் மிக்சரும் ஒரே போர்டில் கரண்ட் எடுக்கட்டும். கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் போர்டில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பெட்டி

"அமெரிக்காவில் இருந்து மாமா கொண்டு வந்தார்" என்று ஆசையாகச் செருகியதும் புகை வருவதும் உண்டு. அங்கே 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். பின்பக்க லேபிளைப் படிக்காமல் செருக வேண்டாம். 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் கவலையில்லை.

இன்னொன்று. பழைய டிரான்சிஸ்டர் பெட்டி பழுதானால் ரேடியோ மெக்கானிக் பற்றுக்கோலை எடுத்துச் சரிசெய்துவிடுவார். மாடலிங் பெட்டியில் எல்லாம் ஒரே போர்டு, அதில் சிப். அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. ரசீது, வாரண்டி கார்டு, சர்வீஸ் எங்கே என்ற விவரம் மூன்றும் இல்லாமல் வாங்கினால் பிறகு வருத்தம்தான். கம்ப்யூட்டரில் இணைத்து சாப்ட்வேர் மாற்றும்போது கரண்ட் போனால் பெட்டி முடங்கிப்போகும் ஆபத்தும் உண்டு. அந்த வேலைக்கு முன் யு.பி.எஸ். இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் கவனிக்க

* உங்கள் கிடாரையே கொண்டு போங்கள். கடைக்காரரின் விலை உயர்ந்த கிடாரில் எல்லாப் பெட்டியும் இனிக்கும்.

* முதலில் வால்யூமைக் குறைத்து வாசியுங்கள். மெல்ல வாசிக்கும்போது நன்றாகக் கேட்கிற பெட்டிதான் வீட்டுக்கு ஏற்றது. பிறகு முழுசாக ஏற்றி, ஸ்பீக்கர் அதிர்கிறதா என்று கேளுங்கள்.

* எத்தனை ஓசை இருக்கிறது என்று எண்ணாதீர்கள். மேடையில் உங்களுக்குத் தேவைப்படுவது நாலைந்துதான். அவை நன்றாக இருக்கின்றனவா, போன் இல்லாமலே பெட்டியில் சேமிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

* செகண்ட் ஹேண்ட் என்றால் ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருப்புங்கள். "கொரகொர" என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஸ்பீக்கர் காகிதம் கிழிந்திருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மேடையில் வாசிப்பது வருஷத்தில் சில நாள். வீட்டில் பழகுவது தினமும். மெல்லவும் பேசத் தெரிந்த பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். பக்கத்து வீட்டு ஷிப்ட் தொழிலாளியும் நிம்மதியாகத் தூங்குவார்!