பயணமே பள்ளியாகுமா?

சென்ற தீபாவளிக்கு வந்திருந்த என் மகன், "அப்பா, ஒரு வருஷம் குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திட்டு மூணு பேருமா ஊர் ஊராப் போகலாம்னு இருக்கோம்" என்றான். அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. எந்த ஊரில் உட்கார்ந்தும் செய்யலாம். பேத்திக்கு வயது பத்து. என் மனைவி, "படிப்பு என்னத்துக்கு ஆகும்?" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் வாய் திறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

நாற்பது வருஷமாகக் கல்கத்தாவில் பாத்திரக் கடை வைத்திருப்பவனுக்கு இந்த விஷயத்தில் முதலில் நினைவு வருவது ரவீந்திரநாத் தாகூர்தான். 1873-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பூணூல் சடங்குக்காக மழித்த தலையில் முடி வளருவதற்குள், பதினோரு வயதுப் பையனைத் தந்தை தேவேந்திரநாத் தம்முடன் இமயமலைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினார். முதலில் போல்பூர், பிறகு ரயிலில் அமிர்தசரஸ், அங்கிருந்து டல்ஹௌசி மலை. சில மாதப் பயணம். தாகூரே 'ஜீவன்ஸ்மிருதி' என்ற தம் நூலில் இதை விவரமாக எழுதியிருக்கிறார். வங்காளி எழுத்து கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட காலத்தில் கல்லாவில் உட்கார்ந்து நான் முதலில் படித்து முடித்த புத்தகம் அது.

வியாபாரி கண்ணுக்குப் படுவது கணக்குத்தானே! தந்தை, பையனிடம் சில்லறைக் காசைக் கொடுத்து வைப்பார். பிச்சைக்காரர்களுக்குக் கொடுப்பதும், அதற்குக் கணக்கு வைப்பதும் பையன் பொறுப்பு. கணக்கு ஒருநாளும் நேராகவில்லை. ஒருநாள் கையிருப்பு கூடியே போயிற்று! தந்தை கோபிக்கவில்லை. இவனையே காசாளராக வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே, இவன் கையில் பணம் வளர்கிறதே என்று வேடிக்கை பேசினார். தம் தங்கக் கடிகாரத்துக்குத் தினம் சாவி கொடுக்கும் வேலையையும் ஒப்படைத்தார். பையன் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் திருகித் திருகி, கடைசியில் கடிகாரம் பழுது பார்க்கக் கல்கத்தாவுக்குப் போயிற்று. நம் வீட்டில் என்றால் முதுகு பழுத்திருக்கும்.

போல்பூரில் மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்களில் பையன் தன் இஷ்டத்துக்குத் திரிந்து, சட்டை நிறையக் கூழாங்கற்கள் பொறுக்கி வருவான். குப்பை என்று எறியச் சொல்லாமல், அங்கிருந்த மண்மேட்டை அவற்றால் அலங்கரிக்கச் சொன்னார் தந்தை.

ரயிலில் நடந்தது இன்னொன்று. பையனுக்கு அரை டிக்கெட். வளர்ந்த பையன் என்பதால் பரிசோதகருக்குச் சந்தேகம். கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டரே வந்து, பன்னிரண்டுக்கு மேலிருக்கும், முழுக்கட்டணம் வேண்டும் என்றார். உண்மையில் வயது பதினொன்றுதான். தேவேந்திரநாத் நோட்டை எடுத்துக் கொடுத்தார். மீதிச் சில்லறை வந்ததும் அதை வாங்கிப் பிளாட்பாரத்தில் வீசிவிட்டார். காசுக்காகப் பொய் சொல்வான் என்று தம்மை நினைத்தார்களே என்ற சினம். பதின்மூன்று வயதுப் பையனை "பதினொண்ணு சார்" என்று கூட்டிப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்! (நானும்தான்.)

இதையெல்லாம் படிப்பவர்கள் விட்டுவிடுகிற பகுதி டல்ஹௌசி. அங்கே விடியும் முன்பே எழுப்பி, குளிரில் சமஸ்கிருதச் சொல் உருபுகளை மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகு தந்தையுடன் நடை. திரும்பி வந்து ஆங்கிலப் பாடம். அதன்பின் பனிக்கட்டி போன்ற தண்ணீரில் குளியல். வான நூல் பாடமும் உண்டு; ஆங்கிலப் புத்தகத்திலிருந்து எளிதாக்கிச் சொல்வார், பையன் வங்காளியில் எழுதுவான். பாடத்தில் தூங்கி விழுந்தால் விட்டுவிடுவார். விட்ட மறுகணம் தூக்கம் பறந்து பையன் மலைக்கு ஓடிவிடுவான். தடியும் கையுமாகத் தனியாகத் திரிய அனுமதி உண்டு. மலை சுற்றலும் இருந்தது, நேரம் தவறாத பாடமும் இருந்தது.

இனி என் கதை. 1998-ல் கூட்டுக் கடை பிரிந்து, புதிய சரக்குக்கு வழி தேடி நான் புறப்பட்டபோது, மனைவியையும் பத்து வயது மகனையும் உடன் அழைத்துப்போனேன். பித்தளைக்கு மொராதாபாத், பாத்திரங்களுக்கு ஜகாத்ரி, பிறகு டில்லி. ஐந்து மாதம். பையன் இந்தி சரளமாகப் பேசினான். தட்டிப் பார்த்து ஓசையிலேயே தகட்டின் கனம் சொன்னான். தராசு முள்ளைப் பார்க்காமல் எடை சொன்னான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால், "காலையில் ஒரு மணி நேரம் கணக்குப் போடலாம்டா" என்று தினம் சொன்னேனே தவிர, பத்து நாளாவது உட்கார்ந்தேனா என்றால் இல்லை. திரும்பியதும் பழைய பள்ளி சேர்க்க மறுத்தது. வேறொரு பள்ளியில் பின்னக் கணக்கு வராமல் அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்தான். தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்த அந்த வருஷத்தை அவன் இன்றுவரை என்னிடம் பேசியதில்லை. சென்ற தீபாவளியன்று நான் வாய் திறக்காததற்குக் காரணம் அதுதான்.

இன்றைக்குச் சட்டம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரை உள்ள குழந்தை படிப்பை விட்டு வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேரலாம். மற்றவர்களுக்குச் சமமாக வரச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையும் உண்டு. மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது. ஆனால் பள்ளி மாறும் உரிமை அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும்தான். உதவி பெறாத தனியார் பள்ளியிடம் அதைக் காட்டிக் கேட்க முடியாது. நம் குழந்தைகளில் பெரும்பாலோர் அங்கேதான் படிக்கிறார்கள். ஆகவே கிளம்பும் முன் இடத்தை எழுத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்புகளில் பாடம் பாடமாகத் தேறலாம். தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மலையிலிருந்து திரும்பிய தாகூருக்குப் பள்ளி முன்பைவிடக் கசந்தது. போகாமலிருக்க வழி தேடினார். வகுப்பறைக் கதவைத் திறந்து வெளியே விட்ட பிள்ளையை மறுபடி உள்ளே உட்காரவைப்பது சுலபமல்ல. அவர் 1901-ல் அதே போல்பூர்ச் செம்மண்ணில் மரத்தடிப் பள்ளி தொடங்கினார். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி அமையுமா?

ஒரு வாரம் யோசித்து மகனிடம் என் 1998 கணக்கைச் சொன்னேன். "தெரியும்பா" என்றான், அவ்வளவுதான். பிறகு இருவருமாக உட்கார்ந்து திட்டம் போட்டோம். முதலில் போல்பூர், அமிர்தசரஸ், டல்ஹௌசி. தை முதல் மூன்று மாதம் வந்தவாசிப் பக்கம் நம் கிராமத்தில். பேத்தி தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. பஸ் போர்டு, சுவர் விளம்பரம், ரேஷன் கடைப் பலகை எல்லாம் அங்கே அவளுக்குப் பாடப்புத்தகம். ஆனால் காலை ஏழு முதல் ஒன்பது வரை கணக்கும் ஆங்கிலமும், எந்த ஊரானாலும். பள்ளியிலிருந்து கடிதம் வாங்கியாயிற்று.

நீட்டுவாக்கில் ஒரு சிட்டைப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் 'ஆரம்ப இருப்பு ரூ. 500' என்று எழுதிப் பேத்தியிடம் கொடுத்தேன். கடிகாரத்துக்கு இப்போது யார் சாவி கொடுக்கிறார்கள்? வீட்டிலுள்ள மூன்று செல்போன்களுக்கும் சார்ஜ் போடும் பொறுப்பு அவளுடையது. "தாத்தா, கணக்கு கூடுதலா வந்தா அந்தக் காசு எனக்கா?" என்று கேட்டாள்.