பழைய லயத்தைத் தேடிப் போகும் அம்மாயி

விடியற்காலை நாலு மணி. பிரட்டுக்குத் தப்படித்த காலம் எப்போதோ போய்விட்டது. ஆனால் அம்மாயிக்கு மட்டும் அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது. எழுந்து இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, "கூடை எங்கடி, நேரமாச்சு" என்கிறார். அவர் வேலையிலிருந்து நின்று இருபது வருடங்கள். நேற்று இரவு சாப்பிட்டாரா என்பது நினைவில்லை. எந்த மலையில் எந்தக் கங்காணி நிரை பிடித்துக் கொடுத்தார் என்பதைத் தவறாமல் சொல்கிறார்.

மண்சரிவு அபாயத்தால் லயத்தை விட்டு வந்த குடும்பங்களுக்கு இதில் இன்னொரு வேதனையும் உண்டு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை நுவரெலியா மாவட்டத்தையும் உலுக்கியது. இப்படி இடம்பெயரும்போது பாத்திரம், பண்டம், பிள்ளைகளோடு வயதானவர்களையும் கூட்டி வருகிறோம். ஆனால் அவர்களுடைய மனம் பழைய காம்பிராவிலேயே தங்கிவிடுகிறது. கண் அசந்த நேரத்தில் தடியை ஊன்றிக்கொண்டு, இடிந்த லயத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இது பிடிவாதமல்ல. டிமென்சியா என்று வைத்தியர்கள் சொல்லும் மறதி நோய் பெரும்பாலும் புதிய நினைவுகளைத்தான் முதலில் அழிக்கிறது. புது வீட்டில் கக்கூசு எந்தப் பக்கம் என்பது பத்து முறை சொன்னாலும் பதியாது. ஐம்பது வருடம் நடந்த பாதையோ கால்களிலேயே இருக்கிறது.

வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடுவோரும் உண்டு, கோடாங்கியைக் கூப்பிட்டுக் கடன்படுவோரும் உண்டு. இரண்டுமே தவறு. மறதிக்குக் காரணம் சில வேளைகளில் தைரொயிட் குறைபாடாகவோ, விற்றமின் பி12 குறைவாகவோ, மனச்சோர்வாகவோ இருக்கும். அவற்றுக்கு மருந்துண்டு. காது கேளாதவரையும் மறதிக்காரர் என்று நினைத்துவிடுகிறோம். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரெனப் பிதற்றினால் அது சிறுநீர்த் தொற்றாகவோ, சளிக்காய்ச்சலாகவோ, சீனி குறைந்ததாகவோ இருக்கலாம். தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், மது ஆகியவை இந்நோய்க்கு வழிவிடுகின்றன. கசிப்புக் குடிப்பவர் தமது ஈரலை மட்டும் கெடுத்துக்கொள்ளவில்லை.

நோய் முற்றிலும் குணமாகாது. ஆனால் வீட்டார் நடந்துகொள்ளும் முறையால் நோயாளியின் பயம் குறையும். "அந்த லயம் இடிஞ்சு போச்சு" என்று வாதாடினால் ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் செய்தி, புது அழுகை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவோம்" என்று உட்கார வைத்தால் அநேகமாக அடங்கிவிடுவார். பழைய கம்பளி, பழைய சாமிப் படம், பழைய பெட்டி ஆகியவற்றைப் புது வீட்டிலும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இரவில் கக்கூசுக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். மரக்கறி செய்யும் வீடுகளில் களைகொல்லி, பூச்சி மருந்துப் போத்தல்களைப் பூட்டி வையுங்கள். தண்ணீர்ப் போத்தல் என்று நினைத்து அவர் எடுத்துவிடக்கூடும். உறவினர் ஒருவரின் தொலைபேசி எண்ணைத் துணியில் எழுதிச் சட்டையின் உட்புறத்தில் தைத்துவிடுங்கள்.

இடம்பெயர்ந்தவர்களின் பத்திரங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. வேலை விட்ட முப்பது நாளுக்குள் அது கொடுபட வேண்டும். ஊழியர் சேமலாப நிதி தனி. அடையாள அட்டையும் அங்கத்துவ இலக்கமும் மண்ணோடு போயிருந்தால், பெரியவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே கிராம உத்தியோகத்தரிடமும் தொழில் அலுவலகத்திலும் முறையிட்டுக் காரியத்தை முடித்துவிடுங்கள். பேர்ப் பதிவில் அப்பா பெயர் ஒருவிதமாகவும் அட்டையில் இன்னொரு விதமாகவும் இருப்பது தோட்டங்களில் சாதாரணம். அதை விளக்கிச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அவர்தான்.

இத்தனையையும் யார் செய்வது? மகள் கொழுந்துக்குப் போனால்தான் அடுப்பெரியும். ஆகவே பேத்தி பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் நிற்கிறாள். தோட்டத்தில் கைக்குழந்தைகளுக்குப் பிள்ளைக் காம்பிரா இருக்கிறது. கொழுந்தெடுத்தே கூனிப்போன கிழவிக்கு அப்படி ஓர் இடம் இல்லை. நாலைந்து குடும்பங்கள் முறை வைத்து, ஒருவர் வீட்டு இஸ்தோப்பில் முதியவர்களைச் சேர்த்து உட்கார வைத்தால் அந்தப் பிள்ளை பாடசாலைக்குப் போகலாம்.

கை சும்மா இருந்தால்தான் அலைச்சல் அதிகம். நாம் சொன்ன அம்மாயியின் முன்னால் இப்போது காலையில் ஒரு சுளகில் முருங்கைக்கீரையை வைத்துவிடுகிறார்கள். விரல்கள் தாமாகவே ஆய்கின்றன. முடிந்ததும் நிமிர்ந்து, "எத்தனை கிலோடி?" என்று கேட்கிறார்.

"பதினெட்டு, அம்மாயி."

"அப்ப முழுப் பேர்" என்று சொல்லிப் படங்கை அவிழ்க்கிறார்.