அலுவலகக் கணினி: பெயரா, பயனா?

மடுல்கெல்ல போன்ற பெருந்தோட்டப் பகுதியின் அலுவலகமொன்று கணினி வாங்க முற்படுகையில், இரு தெரிவுகள் முன்நிற்கக்கூடும். ஒன்று, ஏழாம் தலைமுறை ஐ7 செயலியும் சுழலும் வன்தட்டும் கொண்ட பாவித்த கணினி. மற்றையது, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய ஐ3 செயலி, 8 ஜிகாபைட் நினைவகம், 256 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. ஆகியவை கொண்டது.

ஐ7 என்ற பெயர் கவர்ச்சியானதே. ஆயினும், விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. ஏழாம் தலைமுறை இன்டெல் செயலிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. மேலும், செக்றோல் பதிவுக்கும் கடிதங்களுக்கும் வேண்டியது செயலியின் பெருவலுவன்று. கோப்புகள் தாமதமின்றித் திறப்பதே. அதனைத் தருவது எஸ்.எஸ்.டி.

எனினும், மின்சாரம் திடீரெனத் தடைப்பட்டால் சேமிக்காத பதிவு எக்கணினியிலும் அழியும். 2022 மார்ச் 31இல் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட நாடு இது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 சதவீதமும் தொழில்வழங்குநரின் 12 சதவீதமும் சம்பளப் பதிவைக் கொண்டே கணிக்கப்படுகின்றன. பதிவு தவறினால் பாதிக்கப்படுபவர் தொழிலாளியே.

ஆகவே, இரண்டாவது கணினியைத் தெரிவுசெய்து, அதனுடன் யூ.பி.எஸ். ஒன்றையும், பிரதியெடுத்து வைக்கப் புறவன்தட்டு ஒன்றையும் வாங்குவதே விவேகம் என்பது எமது கருத்தாகும்.