குரூப் மாறலாமா... வேண்டாமா?

குட்டீஸ்... பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "மார்க் எவ்வளவு?' என்பது. இரண்டாவது கேள்வி, "என்ன குரூப் எடுக்கப் போறே?'

தமிழகத்தில், 1978ல் பிளஸ் 2 முறை வந்ததில் இருந்தே இந்தக் கேள்வியும் கூடவே இருக்கிறது. 15 வயதில் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். உயிர் நண்பன் சேர்ந்தான் என்று சிலர் சேருகின்றனர். மாமா பையன் இன்ஜினியர் ஆனதால் சிலர் சேருகின்றனர். "நல்ல மார்க் வந்திருக்கே... பர்ஸ்ட் குரூப் எடுக்காமல் விடலாமா?' என்று பெரியவர்கள் சொன்னதால் சிலர் சேருகின்றனர்.

ஒரு மாதம் ஓடியதும், "தப்பான குரூப்பில் சேர்ந்து விட்டோமோ...' என்று வயிற்றைக் கலக்கும். உங்கள் அண்ணனோ, அக்காவோ இப்போது அந்த நிலையில் இருக்கலாம். நாளைக்கு நீங்களே இருக்கலாம். அப்போது என்ன செய்வது?

பாதியில் விட்டவர்!

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வருவதல்ல. சார்லஸ் டார்வினுக்கும் வந்தது! அவருடைய அப்பா பெரிய டாக்டர். மகனும் டாக்டராக வேண்டும் என்று, 1825ல் ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ பல்கலைக் கழகத்தில் சேர்த்து விட்டார். அப்போது டார்வினுக்கு வயது 16.

மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. நோயாளி வலியில் துடிக்கத் துடிக்கத்தான் ஆபரேஷன் நடக்கும். அதைப் பார்க்க முடியாமல் வெளியே ஓடி விட்டார் டார்வின். இரண்டே ஆண்டுகளில் மருத்துவப் படிப்பை விட்டார். அடுத்து கேம்பிரிட்ஜில் படித்து, 1831ல் பீகிள் கப்பலில் ஏறினார். அந்தப் பயணத்தில் பார்த்தவைதான், உயிரினங்கள் எப்படித் தோன்றின என்ற அவரது புகழ் பெற்ற ஆராய்ச்சிக்கு அடிப்படையாக அமைந்தன.

"அப்படியானால் பிடிக்காததை உடனே விட்டு விடலாமே!' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்... உடலை அறுத்துப் பார்க்கும் பயிற்சியை அப்போது ஒழுங்காகக் கற்காமல் போனோமே என்று, பின்னாளில் டார்வின் வருத்தப்பட்டு எழுதி இருக்கிறார். ஆராய்ச்சிக்கு அது தேவைப்பட்டது! அதே எடின்பரோவில், ஜான் எட்மன்ஸ்டன் என்பவரிடம் பறவைகளைப் பாடம் செய்யக் கற்றுக் கொண்டார். அந்த வித்தை கப்பல் பயணத்தில் கைகொடுத்தது.

ஆக, மாறியதால் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. அதனால்தான் யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

பாடமா, வேறு காரணமா?

முதலில், பிரச்னை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

* மார்க் குறைந்து விட்டதா? பத்தாம் வகுப்பில் இருந்து பிளஸ் 1 என்பது பெரிய தாவல். கணக்கில் 90 வாங்கியவர்கூட முதல் தேர்வில் 50க்கு இறங்குவது உண்டு. இதற்காக மட்டும் குரூப் மாற வேண்டாம். காலாண்டுத் தேர்வு வரை முயன்று பாருங்கள்.

* தமிழ் மீடியத்தில் இருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறினீர்களா? "சவ்வூடு பரவல்' என்று படித்தது, திடீரென்று "ஆஸ்மாசிஸ்' என்று வந்தால் மிரட்சியாகத்தான் இருக்கும். அப்போது கஷ்டம் மொழியில் இருக்கிறது, பாடத்தில் இல்லை. ஒரு நோட்டில் இரண்டு மொழிச் சொற்களையும் எழுதி வைத்துப் படித்தால், மெல்ல மெல்லப் பழகி விடும்.

* நண்பன் வேறு வகுப்பில் இருக்கிறானா? ஆசிரியர் நடத்துவது புரியவில்லையா? குரூப் மாறினால், அங்கேயும் இதே பிரச்னை வரலாமே!

* ஒரு பாடம் நன்றாகப் புரிந்து, விடையும் சரியாக வந்த நாளில்கூட, "சே... இதைத்தான் தினமும் படிக்க வேண்டுமா?' என்று தோன்றுகிறதா? அப்படியானால், உங்களுக்கு ஒத்து வராதது அந்தப் பாடமேதான். மாறுவது பற்றி யோசிக்கலாம்.

ருசி பாருங்கள்!

மாற நினைக்கும் குரூப்பில் படிக்கும் ஒருவரிடம் புத்தகத்தை இரவல் வாங்குங்கள். 15 நாள், தினமும் அரை மணி நேரம் படியுங்கள். "காமர்ஸ் குரூப் ஈஸி' என்று யாரோ சொன்னதை நம்பி விடாதீர்கள். கணக்குப்பதிவியலில், ஒவ்வொரு நடவடிக்கையையும் இரண்டு இடங்களில் எழுதும் இரட்டைப் பதிவு முறை இருக்கிறது. ஓரிடத்தில் தவறினாலும் கணக்கு இடிக்கும்! அதை உட்கார்ந்து போட்டுப் பார்த்தால்தான், உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரியும்.

எந்தக் கதவு மூடும்?

குரூப் மாறினால் சில கதவுகள் திறக்கும், சில மூடும். எம்.பி.பி.எஸ்., சித்த மருத்துவம் போன்றவற்றுக்கு உயிரியல், இயற்பியல், வேதியியல் வேண்டும். பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். ஐந்தாண்டு சட்டப் படிப்பு, ஆடிட்டராக உதவும் சி.ஏ., தமிழ், ஆங்கில இலக்கியம் ஆகியவற்றில் எந்தக் குரூப் மாணவரும் சேரலாம். கலெக்டர் ஆக ஐ.ஏ.எஸ்., தேர்வு எழுத, ஏதாவது ஒரு பட்டம் போதும். மூடப் போகும் கதவு உங்களுக்கு வேண்டியதா, வேண்டாததா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

எப்படிக் கேட்பது?

வீட்டில், "எனக்குப் பிடிக்கலை' என்று அழுதால் காரியம் ஆகாது. ஒரு தாளில் இரண்டு பக்கம் பிரித்து, மாறினால் கிடைப்பது எது, இழப்பது எது என்று எழுதி, அப்பா, அம்மாவிடம் காட்டுங்கள். "என்ன ஆனாலும் நீ டாக்டராகணும்' என்று அவர்கள் சொன்னால் கோபப்படாதீர்கள். உங்களை நன்கு அறிந்த வகுப்பாசிரியரைப் பேசச் சொல்லுங்கள்.

பிறகு, பெற்றோருடன் சென்று தலைமை ஆசிரியரிடம் கடிதம் கொடுக்க வேண்டும். அந்தக் குரூப்பில் இடம் இருந்தால்தான் கிடைக்கும். பள்ளி திறந்த முதல் சில வாரங்களிலேயே கேட்பது நல்லது. நாளாக ஆக, விட்டுப்போன பாடங்களும், எழுத வேண்டிய ரெகார்டு நோட்டும் மலையாகக் குவிந்து விடும்.

இடம் கிடைக்கவில்லையா?

கவலை வேண்டாம்! சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், 1976ல் இயற்பியலில் டாக்டர் பட்டமே வாங்கி விட்டார். ஆனால், அதற்கு முன்பே தன் மனம் உயிரியலில் இருப்பதை உணர்ந்திருந்தார். டாக்டர் பட்டம் பெற்றவர், அமெரிக்காவில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். செல்களில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமை ஆராய்ந்தார். 2009ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது... அதுவும் வேதியியலுக்கு! அவர் முதலில் படித்த இயற்பியலும் வீண் போகவில்லை. ரைபோசோமின் வடிவத்தைக் கண்டறிய, எக்ஸ் கதிர்களைத்தானே பயன்படுத்தினார்!

ஆறு, ஏழாம் வகுப்புச் சுட்டிகளே... உங்களுக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும், யாரும் சொல்லாமலே எந்தப் பாட நோட்டை முதலில் எடுக்கிறீர்கள் என்று இன்றிலிருந்து கவனியுங்கள். "என்ன குரூப்?' என்று யாராவது கேட்கும்போது, பதில் உங்களிடமே இருக்கும்!